உவகையும் நோயாகும்: மிகையெழுச்சியை அறிதலும் பேணுதலும்

திருக்குறளில் பொச்சாவாமை என்னும் அதிகாரம் ஒன்று உண்டு. எல்லை மீறிய சினத்தைவிட, பெருமகிழ்ச்சியில் தன்னை மறந்து நிற்றல் கேடு பயக்கும் என்னும் கருத்தோடு அது தொடங்குகிறது. வள்ளுவர் அங்குப் பேசுவது கடமை மறதியைப் பற்றியே அன்றி நோயைப் பற்றியன்று. எனினும், துன்பமே மனிதனைச் சிதைக்கும், மகிழ்ச்சி ஒருநாளும் சிதைக்காது என்று நாம் கொண்டிருக்கும் எளிய கணக்கை அக்கருத்து அசைத்துப் பார்க்கிறது. மகிழ்ச்சியே நோயின் வடிவாக வந்து, ஒருவனது கல்வியையும் பொருளையும் இல்லறத்தையும் சில வாரங்களில் குலைத்துவிடும் நிலை ஒன்று உண்டு. அதனை மருத்துவர்கள் மேனியா என்பர். இக்கட்டுரையில் மிகையெழுச்சி என்று வழங்குவோம்.

வீட்டில் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தால் உற்றார் அனைவரும் கூடிக் காரணம் வினவுகின்றனர். அதே பிள்ளை விடியவிடிய விழித்திருந்து எழுதிக் குவித்தாலும், வருவோர் போவோரிடமெல்லாம் ஓயாது பேசிச் சிரித்தாலும், சுறுசுறுப்பான பிள்ளை என்று மகிழ்ந்து போகின்றனர். இந்நோய் நலத்தின் உடையை அணிந்து வருகிறது. நோயுற்றவர்க்கோ, தம் வாழ்நாளில் இத்துணை நலமாகத் தாம் இருந்ததே இல்லை என்று தோன்றுகிறது. ஆதலால், காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவதுபோல் இதற்கு அவர் தாமாகச் செல்வது அரிது. கண்டறியும் பொறுப்பு உடனிருப்பவர்க்கே உரியதாகிறது. அதுவும் முதற் சில நாட்களுக்குள்.

மருந்து அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு உடனிருந்து பேணுபவனையும் ஒரு கூறாக எண்ணியமை அவருடைய நுண்மாண் நுழைபுலத்திற்குச் சான்று. பெற்றோர், விடுதித் தோழர், வகுப்பாசிரியர், ஜமாஅத் பெரியோர் யாவரும் அந்நான்காம் கூற்றில் அடங்குவர். இக்கட்டுரை பெரிதும் அவர்களை நோக்கியது.

நோயும் அதன் பெயரும்

மிகையெழுச்சி பெரும்பாலும் தனித்து வருவதன்று. ஒரு காலத்தில் மனம் அளவிறந்து எழும். வேறொரு காலத்தில் அளவிறந்து தாழும். இடையே பல மாதங்களோ ஆண்டுகளோ இயல்பாகக் கழியும். இவ்விரு முனைகளையும் கருதியே இதனை இருமுனை மனநோய் என்கிறோம். கிரேக்க மருத்துவரான அரேட்டியஸ், பண்டை நாளிலேயே இவ்விரு நிலைகளும் ஒருவரிடத்தே மாறிமாறித் தோன்றுவதைக் குறித்து வைத்தார். இஸ்லாமிய உலகின் மருத்துவருள் கைரவானில் வாழ்ந்த இஸ்ஹாக் இப்னு இம்ரான் மனச்சோர்வு நோய் பற்றித் தனிநூல் இயற்றினார். கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல்நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலின் இரு பகுதிகளாக வைத்து எழுதினார். பிரெஞ்சு மருத்துவர்களான ஃபால்ரே, பயார்ஷே ஆகியோர் 1854இல் இரு நிலைகளும் ஒரே நோயின் இரு முகங்கள் என நிறுவ முற்பட்டனர். ஜெர்மானியரான கிரேப்பலின் 1899இல் அதனை முறைப்படுத்தினார். பெயர்கள் மாறி வந்துள்ளன; நோய் பழையதே.

2015-16ஆம் ஆண்டுகளில் இந்தியாவின் 12 மாநிலங்களில் நடைபெற்ற தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோருள் ஏறத்தாழ 0.5 விழுக்காட்டினர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நோய்க்கு ஆட்பட்டவர் எனக் கணக்கிட்டது. 200 பேரில் ஒருவர் என்பது அதன் பொருள். அவர்களுள் பத்தில் எழுவர் அளவில் உரிய மருத்துவம் பெறாதிருந்தனர் என்பதையும் அவ்வாய்வே கூறுகிறது. நோய் பெரும்பாலும் தலைகாட்டுவது பதினாறு, பதினேழு வயது முதல் இருபத்தைந்துக்குள். அதாவது, கல்லூரியில் கால்வைக்கும் பருவமே அதன் பருவம். கல்லூரி மலர் ஒன்றில் இதனை எழுதத் துணிந்ததற்கு இக்காரணம் ஒன்றே போதும்.

உறக்கம் என்னும் அளவுகோல்

எடுத்துக்காட்டாக, நம் கற்பனையில் ஒரு மாணவனை நிறுத்திக்கொள்வோம். இளங்கலை இரண்டாமாண்டு பயில்பவன், அமைதியானவன், விடுதியில் தங்கியிருப்பவன். தேர்வுக்குச் சில வாரங்கள் இருக்கையில் இரவில் மூன்று மணி நேரமே உறங்குகிறான். தேர்வுக்காக விழிக்கிறான் என்று தோழர் கருதுகின்றனர். நான்காம் நாள் ஐந்து மொழிகளுக்குப் பேரகராதி ஒன்றைத் தானே தொகுக்கப் போவதாக அறிவிக்கிறான். ஐந்தாம் நாள் அதற்காகத் தாள்கட்டுகளைக் கடனுக்கு வாங்கி அறையெங்கும் அடுக்குகிறான். பேச்சு விரைகிறது; ஒரு செய்தி முடியுமுன் அடுத்தது; சொல்லின் ஓசையொன்றைப் பற்றிக்கொண்டு வேறொரு பொருளுக்குத் தாவுகிறான். இடைத்தேர்வில் நாற்பது பக்கம் எழுதுகிறான். முதல் மூன்று பக்கம் சிறப்பாக இருக்கிறது, பின்னர் வினாவுக்கும் விடைக்கும் தொடர்பற்றுப் போகிறது. ஏழாம் நாள் விடுதிக் காப்பாளர் ஒரு சொல் சொல்ல, அவர்மேல் பாய்கிறான். அன்றைக்குத்தான் எல்லோரும் விழித்துக்கொள்கின்றனர். உண்மையில் நோய் முதல் இரவிலேயே தன்னை அறிவித்துவிட்டது.

தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளுள் பெருமிதம், வெகுளி, உவகை ஆகிய மூன்றையும் ஒருசேரத் தூண்டிவிட்டாற்போன்றது இந்நிலை. உவகை மட்டுமே இதன் அடையாளம் என்று எண்ணுவது தவறு. சிலரிடம் உவகை சிறிதும் இராது. எரிச்சலும் சினமுமே மேலோங்கும். அத்தகையோரைக் குணங்கெட்டவர் என்று ஊர் பழிக்கும். நோயுற்றவர் என்று எண்ணாது.

மருத்துவர் வகுத்துள்ள வரையறையின்படி, இயல்புக்கு மாறான மனவெழுச்சியோ எரிச்சலோ, அதனோடு மிகுந்த ஆற்றலும் செயல்வேகமும் நாளின் பெரும்பகுதி, ஏறத்தாழ நாள்தோறும், ஒரு வாரமேனும் நீடிக்க வேண்டும். மருத்துவமனையில் சேர்க்கும் நிலை வந்துவிட்டால் நாட்கணக்குத் தேவையில்லை. அதனுடன் தன்னைப் பற்றிய மிகைமதிப்பு, உறக்கத்தின் தேவை குறைதல், ஓயாப் பேச்சு, எண்ணங்களின் ஓட்டம், கவனச் சிதறல், செயல்களில் அளவிறந்த ஈடுபாடு, விளைவு கருதாச் செலவும் துணிவும் என்னும் ஏழனுள் மூன்றேனும் காணப்படல் வேண்டும். எரிச்சல் மட்டுமே மேலோங்கியிருப்பின் நான்கு வேண்டும். இவற்றுள் நாம் பற்றிக்கொள்ள வேண்டியது உறக்கம். ஏனையவற்றைப் பற்றி வாதிடலாம். உறங்கிய மணிநேரத்தை எண்ணிவிடலாம் அன்றோ?

இங்கு ஒரு வேறுபாட்டை ஊன்றிக் கவனித்தல் தகும். கவலையால் உறக்கமிழந்தவர் மறுநாள் சோர்ந்திருப்பார்; உறங்க விரும்பியும் உறக்கம் வரவில்லை என்று வருந்துவார். தேர்வுக்காக விழித்தவர் தேர்வு முடிந்ததும் பகல் முழுதும் உறங்கித் தீர்ப்பார். மிகையெழுச்சியுற்றவரோ இரண்டு மூன்று மணி நேர உறக்கத்தோடு எழுந்து, முன்னினும் புத்துணர்ச்சியோடு உலவுவார். உறக்கம் தமக்குத் தேவையே இல்லை என்பார். தொடர்ந்து மூன்று நாள் இவ்வாறு கண்டால், எவ்வளவு இனிமையாகப் பேசினும், மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்கலாகாது. மேலும், உறக்கக் குறைவு இந்நோயின் அறிகுறி மட்டுமன்று. நோயைத் தூண்டுவதும் அதுவே. தேர்வு இரவுகள், திருமண வீட்டின் விழிப்புகள், நெடுந்தொலைவுப் பயணங்கள், மகப்பேற்றை ஒட்டிய நாட்கள் ஆகியவற்றின் பின்னர் நோய் கிளர்வதை மருத்துவர்கள் மிகுதியும் காண்கின்றனர். கஞ்சாப் பழக்கமும், ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளும், தைராய்டு சுரப்பின் மிகையும் இத்தகைய நிலையைத் தோற்றுவிக்கக் கூடும். மனச்சோர்வுக்குரிய மருந்தை மட்டும் தனித்து உட்கொண்டமையால் சோர்விலிருந்து நேரே மிகையெழுச்சிக்குத் தாவியவர்களும் உளர். முன்பு எப்போதாவது இத்தகைய எழுச்சி வந்ததுண்டா என்று மருத்துவர் வினவும்போது உறவினர் மறைக்காமல் கூறுதல் அதனால் இன்றியமையாதது.

நான்கு நாள் அளவில் நின்று, தொழிலையும் உறவையும் பெரிதும் குலைக்காத மென்மையான எழுச்சியும் உண்டு. அதனைப் பலர் தம் வாழ்வின் பொற்காலமாக நினைவுகூர்வர். மறுமுனையில், தாம் பிறர்க்கில்லாத் தனியாற்றல் பெற்றவர் என்றும், தம்மைக் கொல்லச் சதி நடக்கிறது என்றும் அசைக்க முடியாது நம்பும் கடுநிலையும் உண்டு. இவ்விரண்டினும் அஞ்சத்தக்கது கலப்புநிலை. உடலில் எழுச்சியின் வேகமும் உள்ளத்தில் சோர்வின் இருளும் ஒருங்கே நிற்கும் அந்நிலையில் தற்கொலை எண்ணம் செயலாக மாறும் வாய்ப்பு மிகுதி. அத்தகையோரை ஒரு பொழுதும் தனித்து விடலாகாது.

வணக்கமா, நோயா?

நம் சமுதாயத்தில் இந்நோய் சில வேளைகளில் மார்க்கப் பற்றின் தோற்றத்தில் வருகிறது. ரமளானின் இறுதிப் பத்து இரவுகளில் விழித்து வணங்குவது நன்மக்களின் வழக்கம். அவ்விழிப்பை நோயென்று கூற எவரும் முற்படார். எனினும் வணங்குபவர்க்கு அசதி வரும். பகலில் சற்றே கண்ணயர்வார். தம் தொழிலையும் குடும்பத்தையும் மறவார். வணக்கம் மிகமிக அவரிடம் பணிவு மிகும். நோயுற்றவர் தொழுகையை இடையில் விட்டுவிட்டு இன்னொன்றில் தாவுவார், தடுத்தால் சீறுவார், இறைவன் தமக்கென்று தனிச்செய்தி அனுப்புவதாகவும், தாமே வரவேண்டிய மஹ்தி என்றும் சொல்லத் தலைப்படுவார். இத்தகைய சொற்களைக் கேட்டவுடன் மார்க்கத் தீர்ப்பு வழங்க முனையும் பெரியோர் சிலரை நாம் கண்டிருக்கிறோம். சித்தம் பிறழ்ந்தவர்மீது மார்க்கக் கடமைகள் சுமத்தப்படவில்லை என்பது ஃபிக்ஹு நூல்கள் ஒருமித்துக் கூறும் சட்டமாகும். அவ்வாறிருக்க, காய்ச்சலில் பிதற்றுபவனோடு வழக்காடுவதை ஒத்த இச்செயலால் யாது பயன்?

ஜின்கள் உண்டென்பது நம் நம்பிக்கையைச் சார்ந்தது. ஆயினும், ஏழு நாள் உறங்காத இளைஞன் ஒருவனைக் கண்ட மாத்திரத்தில் இது ஜின்னின் வேலைதான் என்று அறுதியிடும் அறிவு எவர்க்கும் அளிக்கப்படவில்லை என்பது நம் துணிபு. ஓதிப் பார்ப்பதையும் துஆச் செய்வதையும் எந்த மருத்துவரும் தடுக்கமாட்டார். அதற்காக மருத்துவத்தைத் தள்ளிப்போடும் மூன்று வாரமே தீங்கு. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியமையை ஹதீஸ் தொகுப்புகள் எடுத்துரைக்கின்றன. அதனை ஏற்றே முஸ்லிம் ஆட்சியாளர் பீமாரிஸ்தான் என்னும் மருத்துவமனைகளை நிறுவினர். டமாஸ்கஸில் நூருத்தீன் 1154இலும், கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இலும் நிறுவியவை புகழ்பெற்றவை. கெய்ரோ மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கெனத் தனிப்பகுதியே இருந்தது.

அப்பெருமையைப் பேசும் நாம் ஏர்வாடியையும் பேசியாக வேண்டும். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவை அண்டியிருந்த தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் ஓட வழியின்றி மாண்டனர். தர்கா அவர்களைப் பிணைக்கவில்லை. அவர்களை அங்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பிய உறவினரின் அறியாமையும், அவ்வறியாமையைத் தொழிலாக்கியோரின் பேராசையுமே பிணைத்தன. இறந்தோருள் எத்துணைப் பேர் ஊசியாலும் மாத்திரையாலும் சில வாரங்களில் வீடு திரும்பியிருக்கக் கூடியவர் என எண்ணும்போது நெஞ்சம் நடுங்குகிறது. உச்சநீதிமன்றம் இந்நிகழ்வைத் தானே முன்வந்து வழக்காக ஏற்றது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கலாகாது என வெளிப்படையாகவே விலக்கியுள்ளது. குஜராத்தின் உனாவா மீரா தாதார் தர்காவில் 2008இல் தொடங்கிய முயற்சி ஈண்டுக் குறிக்கத்தக்கது. அங்குத் தர்காவின் முஜாவர்களே நோயின் அறிகுறிகளைக் கற்று, துஆவுக்கு வருவோரை அருகிலுள்ள மருத்துவரிடமும் அனுப்புகின்றனர். அம்முறை பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது. துஆவும் தவாவும் ஒரே வாசலில் கிடைக்கும்போது எவரும் ஒன்றை விட்டு மற்றொன்றைத் தேர வேண்டுவதில்லை.

எழுச்சி மிகுந்த நாட்களில்

மிகையெழுச்சியுற்றவரோடு வாதிட்டு வென்றார் எவருமிலர். அவர் கருத்து தவறு என நிறுவ முயன்றால் சினமே மிகும். ஆமென்று தலையாட்டினால் அடுத்த திட்டம் பிறக்கும். இரண்டையும் தவிர்த்து, குறைந்த சொற்களில், தாழ்ந்த குரலில், ஒருவரே பேசுதல் நலம். "தம்பி, நீ மூன்று நாளாகத் தூங்கவில்லை; தூக்கத்திற்கு மட்டுமாவது டாக்டரைப் பார்த்துவிட்டு வருவோம்" என்று உறக்கத்தை முன்னிறுத்தி அழைத்தால் பலர் இணங்குகின்றனர். மனநோய் என்ற சொல்லைக் கேட்டவுடன் மறுப்பவர், உறக்கக் குறைவை மறுப்பதில்லை.

வீட்டில் விருந்தினர் வருகையையும் கூச்சலையும் குறைக்க வேண்டும். மாலை முதல் விளக்கொளி மங்கலாக இருக்கட்டும். தேநீரும் காபியும் வேண்டா. கைப்பேசி இரவில் வேறு அறையில் இருக்கட்டும். வங்கி அட்டை, காசோலைப் புத்தகம், இருசக்கர வண்டியின் சாவி ஆகியவற்றை ஆரவாரமின்றி அகற்றி வைத்தல் வேண்டும். சொத்து விற்பனை, கூட்டுத்தொழில், கடன் பத்திரம் எதிலும் இந்நாட்களில் கையொப்பமிட விடலாகாது. கணவன் மனைவிக்கிடையே இந்நாட்களில் வாய்தவறி எழும் சொற்களை வைத்துத் தலாக் முதலியவற்றை முடிவுசெய்ய ஜமாஅத்தார் விரையாமல், மருத்துவரின் கருத்தைக் கேட்டறிந்த பின்னரே மார்க்க அறிஞரிடம் எடுத்துச் செல்லுதல் முறையாகும். அவருடைய செயல்களைக் கண்டு நகைப்பதும், அவற்றைக் கைப்பேசியில் படம்பிடித்துப் பரப்புவதும் கொடுமை. விடுதி மாணவர்க்கு இதனை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது.

மருந்தும் அதன் ஒழுங்கும்

இந்நோய்க்குரிய மருந்துகளுள் லித்தியத்தின் வரலாறு சுவையானது. இரண்டாம் உலகப்போரில் சிங்கப்பூரின் சாங்கிச் சிறைமுகாமில் கைதியாயிருந்த ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், போருக்குப்பின் மெல்பர்ன் நகரத்தை அடுத்த மருத்துவமனையொன்றில் இவ்வெளிய உப்பு மிகையெழுச்சியைத் தணிப்பதைக் கண்டு 1949இல் வெளியிட்டார். அவர் முதன்முதலில் இம்மருந்தால் நலம்பெறச் செய்த நோயாளியே 1950இல் அதன் நச்சால் இறந்தார் என்பதும் அவ்வரலாற்றின் பகுதி. அளவறிந்து கொடுத்தால் அமுதம், மிஞ்சினால் நஞ்சு என்பது இம்மருந்துக்கு முற்றும் பொருந்தும். இரத்தத்தில் இதன் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோலுக்குள் இருக்குமாறு பார்க்கின்றனர், 1.5ஐத் தாண்டினால் நச்சுக்குறிகள் தோன்றலாம். கடைசி வேளை மருந்துண்டு 12 மணி நேரம் கழித்தே இரத்தம் எடுக்க வேண்டும். சிறுநீரகத்தையும் தைராய்டையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். கை கடுமையாக நடுங்குதல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் ஆகியவை தோன்றினால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வலிக்காக நாமே கடையில் வாங்கும் ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை லித்தியத்தின் அளவை உயர்த்திவிடும் என்பது பலர் அறியாத செய்தி.

லித்தியம் பயன்தர ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். ஆதலால் கடுமையான எழுச்சியில் ஒலன்சபைன், ரிஸ்பெரிடோன், குவெட்டியாபைன் போன்ற விரைந்து தணிக்கும் மருந்துகளை மருத்துவர் உடன்சேர்ப்பர். வால்புரோயேட் என்னும் மருந்தும் பயன்படுகிறது; ஆனால் அது கருவிலுள்ள குழந்தைக்கு ஊறு விளைவிப்பதால், மகப்பேற்றுப் பருவத்துப் பெண்களுக்குத் தவிர்க்க வேண்டியது. திருமணம் பேசப்படும் பெண்ணின் பெற்றோர் இதனை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்டுத் தெளிதல் கடமை.

லித்தியம் உட்கொள்பவர் ரமளான் நோன்பு பற்றி முன்கூட்டியே சிந்திக்க வேண்டும். பகல் முழுதும் நீரின்றி, வெயிற்காலத்தில் வியர்வை மிகுந்து போகுமாயின் மருந்தின் அளவு இரத்தத்தில் உயரக்கூடும். நோன்புக் காலத்தில் அளவு பெரிதும் மாறவில்லை எனக் கண்ட ஆய்வுகளும் உள. நோய் மீள்வது மிகுந்தது எனக் கண்டவையும் உள. மருந்தைப் போலவே உறக்கமும் ஸஹருக்கும் தராவீஹுக்கும் இடையில் துண்டுபடுகிறது. ஆகவே ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரைக் கண்டு, நோன்பு நோற்கலாமா, நோற்பின் மருந்து வேளையை எவ்வாறு மாற்றுவது, இரத்தச் சோதனை எப்போது என்பதை முடிவுசெய்தல் வேண்டும். நோயாளிக்கு நோன்பில் சலுகை அளிப்பது திருக்குர்ஆனே. இறைவன் அளித்த சலுகையை ஏற்கத் தயங்கி, மருந்தை நிறுத்திவிட்டு நோன்பிருந்து, பெருநாளை மருத்துவமனையில் கழிக்கும் நிலை எவர்க்கும் வேண்டா.

நலமடைந்ததும் மருந்தை நிறுத்துவதே பலரையும் மீண்டும் வீழ்த்துகிறது. இதற்கு அறியாமை மட்டும் காரணமன்று. அமெரிக்க உளவியல் பேராசிரியர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் இந்நோயைப் பற்றி ஆய்ந்து எழுதியவர். தாமே இந்நோய்க்கு ஆட்பட்டவர். 1974இல் பேராசிரியப் பணியேற்ற சில மாதங்களுக்குள் கடும் மிகையெழுச்சியுற்றார். தேவையற்ற பொருள்களை வாங்கிக் குவித்தார். பாம்புக்கடிக்கான முதலுதவிப் பெட்டிகளும் அவற்றுள் அடங்கும். நோயின் இலக்கணம் அனைத்தும் அறிந்த அவரே பன்முறை லித்தியத்தை நிறுத்திப் பெருந்துன்பம் எய்தியமையையும், அந்த எழுச்சியின் இனிமையை இழக்க மனம் வாராமையையும் 1995இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் ஒளிவின்றி எழுதினார். கற்றவர்க்கே இந்நிலை எனில், மருந்தை மறுக்கும் மகனைப் பிடிவாதக்காரன் என்று ஏசுவதில் பொருளில்லை. அவன் எதை இழப்பதாக எண்ணுகிறான் என்று கேட்டறிந்து, மருந்தளவைக் குறைக்க வழியுண்டா என மருத்துவரோடு அவனையே பேசவிடுதல் பயன்தரும்.

எழுச்சி தணிந்த பின்

அலை வடிந்தபின் கடன்காரரும் வெட்கமும் வாயிலில் நிற்பர். பெரும்பாலும் இதனைத் தொடர்ந்து மனச்சோர்வு வரும். அவ்வேளையில் அவன் செய்தவற்றையும் பேசியவற்றையும் வரிசைப்படுத்திக் காட்டுவது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும். கடனை எவ்வாறு தீர்ப்பது, விட்ட தேர்வை எப்போது எழுதுவது என்பவற்றை மட்டும் பேசினால் போதும். உளநோயை உட்கொண்ட 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி உரிய சான்று பெற்ற மாணவர்க்குச் சலுகைகள் கிடைக்க வழியுண்டு. வகுப்பாசிரியர் அதனை எடுத்துச் சொல்லலாம்.

திருமணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்னும் நம்பிக்கை நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. அது சரியாக்குவதில்லை, பெரும்பாலும் இரு குடும்பங்களை வருத்துகிறது. மருந்தோடு நிலைபெற்றவர் நல்ல கணவராகவும் நல்ல மனைவியாகவும் வாழ்வதில் தடையேதும் இல்லை. தடையாவது மறைப்பு. மறைத்துச் செய்த திருமணத்தில் மாத்திரைகளையும் மறைக்க நேர்கிறது. மறைக்கப்பட்ட மாத்திரை சில நாட்களில் மறக்கப்படுகிறது. கீழ்ப்பாக்கம் என்னும் ஊர்ப்பெயரையே ஏச்சாக்கிவிட்டோம் நாம். 1794இல் தோன்றிய பெருமைக்குரிய மருத்துவமனை அங்கிருப்பதை எண்ணிப் பார்ப்பாரிலர்.

நலமாக இருக்கும் காலமே அடுத்த எழுச்சிக்கு அணைகட்டும் காலம். சிறு குறிப்பேடு ஒன்றில் நாள்தோறும் உறங்கிய மணிநேரத்தையும் மனநிலையையும் ஒரு வரியில் குறித்து வருதல் வேண்டும். ஒவ்வொருவர்க்கும் முன்னறிகுறி தனித்தன்மையுடையது. ஒருவர் பழைய நண்பர்களுக்கெல்லாம் நள்ளிரவில் பேசத் தொடங்குவார்; ஒருவர் பளிச்சென்ற நிறங்களில் உடுத்தத் தொடங்குவார்; இன்னொருவர் வீட்டுப் பொருள்களை இடம் மாற்றிக்கொண்டே இருப்பார். கடந்தமுறை நோய் தொடங்கிய வாரத்தை வீட்டாரும் அவரும் சேர்ந்து நினைவுகூர்ந்தால் இவ்வறிகுறிகள் இரண்டு மூன்றேனும் தெளிவாகும். இதன் பயன் ஆய்வால் நிறுவப்பட்டது. இங்கிலாந்தில் 69 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தம் முன்னறிகுறிகளை அறிந்து உடனே மருத்துவரை நாடுமாறு பயிற்றுவிக்கப்பட்ட குழுவில் கால்பங்கினர்க்கு மிகையெழுச்சி மீள 65 வாரங்களாயின; வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்ற குழுவிலோ 17 வாரங்களே. புதிய மருந்தேதும் இல்லாமல், அறிதலால் மட்டும் விளைந்த வேறுபாடு இது.

குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் ஓர் உடன்பாட்டையும் எழுதி வைக்கலாம். இன்ன அறிகுறி தோன்றினால் யார் என்னிடம் சொல்ல வேண்டும், யார் சொன்னால் நான் கேட்பேன், எந்த மருத்துவரிடம் செல்வது, வங்கி அட்டையை யாரிடம் ஒப்படைப்பேன் என்பவற்றை நோயுற்றவரே தம் கைப்பட எழுதுதல் சிறப்பு. அவர் தெளிவாயிருந்தபோது எழுதியதைக் காட்டி அழைப்பது, பிறர் வற்புறுத்தி இழுத்துச் செல்வதினும் மேலானது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு முறையான வடிவமே தந்துள்ளது. தமக்கு எத்தகைய மருத்துவம் வேண்டும், எது வேண்டா என்று முன்கூட்டியே எழுத்தில் பதியவும், தம் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கவும் வயது வந்த எவர்க்கும் அது உரிமை வழங்குகிறது. உயிருக்கு இடர் நேரும் அவசர மருத்துவத்தை மட்டும் அப்பதிவு கட்டுப்படுத்தாது.

அப்பக்கத்தின் அடியில் இரண்டு எண்களையும் குறித்துக்கொள்க. தமக்கோ பிறர்க்கோ ஊறு நேரும் நிலையெனில் 108 ஊர்தியை அழைத்து மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். அவ்வளவு கடுமை இல்லாத, ஆயினும் என்ன செய்வதென்று தோன்றாத இரவுகளுக்கு 14416 என்னும் கட்டணமில்லா எண் உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அத்தேசியத் தொலைபேசி மனநலச் சேவை இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். நோயுற்றவர்தாம் அழைக்க வேண்டும் என்பதில்லை. உடனிருக்கும் உம்மாவோ அறைத்தோழனோ அழைத்துக் கேட்கலாம்.